பதினொன்று ஐம்பத்தொன்பது

இன்னொருவன் ஒன்றுக்குப் போவதைப்
பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.
சிரிக்கலாம். என் மனைவியும் சிரித்தாள், முதல் வருடம்.

உருகுவேயின் ஜூலைக் குளிர். பைசாந்து நகரம்.
மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றவர்களின் பக்கம்
விளக்குகளை முதலில் அணைத்தார்கள்.
சீட்டுக் குலுக்கலில் விழுந்தது நான்காம் எண்:
நெபர் ஒலிவேரா, தடுப்பாட்டக்காரன், வயது முப்பத்திரண்டு.
கடைசி விசிலிலிருந்து நான் அவன் நிழல்.
குளிக்கக் கூடாது என்றேன்.
பெஞ்சில் உட்கார்ந்தான். முழங்காலிலிருந்து
காய்ந்த சேறு செதில் செதிலாய் உதிர்ந்தது.

உடம்பில் தண்ணீரே இல்லை அவனுக்கு.
மூடி உடையாத பாட்டில்கள், அவனே எடுத்து
அவனே திறக்க வேண்டும். ஐந்து குடித்தாயிற்று.
குழாயைத் திறந்துவிட்டேன்.
தண்ணீர் விழும் சத்தத்தை
இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
ஒரு சொட்டு வரவில்லை.

"மூக்கு உறிஞ்சினார்களே, கேட்டதா?"

கேட்டது. கோலுக்குப் பின்னாலிருந்து,
பந்து இவன் காலுக்கு வரும்போதெல்லாம்,
இரண்டாயிரம் பேர் ஒரே மூச்சில்.
தூரத்திலிருந்து கேட்டால் அலை பின்வாங்குவது போல இருந்தது.
பத்திரிகை பெயரைப் போடவில்லை.
'அனுபவமிக்க தடுப்பாட்டக்காரர் ஒருவர்' என்றது.
அந்தக் கிளப்பில் மற்ற தடுப்பாட்டக்காரர்கள்
யாருக்கும் இருபத்திரண்டு தாண்டவில்லை.

படிவம். ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்துகள்.
டாக்டர் இரிகோயன் கேட்க, இவன் சொல்லிக்கொண்டே வந்தான்:
பாராசிட்டமால், காலையும் மாலையும்.
தூங்க ஒரு மாத்திரை. எழ மூன்று காப்பி.
பேருந்தில் யாரோ கொடுத்த வயிற்று மாத்திரை.
ஆட்டத்துக்கு அரைமணி முன்
முழங்காலை மரத்துப்போகச் செய்யும் ஊசி.
அது அனுமதிக்கப்பட்டது.
மரத்த காலோடு ஓடலாம், தடையில்லை.

அப்புறம் நிறுத்தினான்.
"ஆட்டம் எப்போது ஆரம்பிக்கிறது?"
மூன்று மணிக்கு என்றேன்.
"உங்கள் புத்தகத்தில்."

டாக்டர் தலை நிமிரவில்லை.
"முந்தின இரவு. பதினொன்று ஐம்பத்தொன்பது."

விரல் மடக்கினான். சனி. வெள்ளி.
வியாழன் வந்ததும் கட்டைவிரல் அப்படியே நின்றது.
வியாழக்கிழமை இவன் அண்ணனை
ஃப்ராய் பென்டோஸில் அடக்கம் செய்தார்கள்;
கையில் கறுப்புப் பட்டை கட்டித்தான் ஆடினான்.
இரவு யார் வீட்டில், எந்த மேசையைச் சுற்றி,
என்ன கைமாறியது,
எதுவும் மாறாமலும் இருந்திருக்கலாம்.
கேட்க எனக்கு அனுமதி இல்லை.

"சிறுநீரகத்துக்கு மணி பார்க்கத் தெரியுமா?" என்றான்,
யாரையும் பார்க்காமல்.

எட்டு நாற்பதுக்கு வந்தது.
சட்டை மார்புவரை, கால்சட்டை முழங்கால்வரை,
கை முழங்கைவரை;
அம்மணத்துக்கும் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள்.
பார்த்தேன். நாற்பது மில்லி.
தொண்ணூறு வேண்டும். மூடி முத்திரையிட்டோம்.
மறுபடி தண்ணீர், மறுபடி குழாய்.
சட்டைகளை எண்ணும் கிழவர் டால்மிரோ எட்டிப் பார்த்து
நான்காம் எண் சட்டையை வாங்கிக்கொண்டு போனார்.
நெபர் சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, தூங்கினான்.

பத்தே காலுக்கு மீதி.
'ஏ' பாட்டிலிலும் 'பி' பாட்டிலிலும்
கை நடுங்காமல் கோடுவரை அவனே ஊற்றினான்.
மூடியின் பற்கள் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும்.
க்ளிக், க்ளிக், க்ளிக்.
'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்ற கட்டத்தில்
எழுதினான்: முழங்கால் வலிக்கிறது.

மருந்து இறங்கியிருக்க வேண்டும்.

முடிவுகள் எனக்கு வராது.
பாட்டிலில் பெயர் கிடையாது, எண்தான்.
நான்கு வாரம் கழித்து
சால்டோ போகும் பேருந்தில் வானொலி அணிப் பட்டியல் வாசித்தது.
ஒலிவேரா இல்லை. தொடைத்தசை, என்றார்கள்.
ஓட்டுநர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

தொடைத்தசை கிழியக்கூடியதுதான்.
பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்,
ஈரத்துணி கிழிகிற சத்தம் வரும்.